அஞ்சலிடப்படாத கடிதம்

மேல்நாடுகளுக்குப் போய்ச் சேரும் வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் பற்றி இன்று பேசாதார் இல்லை. பாராளுமன்றத்திலே பேசுகின்றனர், பத்திரிகைத் தலையங்கங்களிலே எழுதுகின்றனர், கலியாண வீட்டுப் பந்தலிலும் செத்த வீட்டுத் திண்ணையிலும் அதுவே பேச்சு. எனினும், இத்துணை பேசப்படும் பொருள் நமது நாவல்களிலும் சிறுகதைகளிலும் பெரும்பாலும் பிரிவுத் துயராகவே வந்து போகின்றது. விமான நிலையத்திலே தாய் அழுகின்றாள், பனி பெய்யும் ஊரிலே மகன் பனங்காய்ப் பணியாரத்தை நினைத்து ஏங்குகின்றான், கதை முடிகின்றது. போனவன் எவருடைய பணத்திலே கற்றான், கற்றதை எவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான், அவனைப் போகச் செய்தவை எவை என்னும் வினாக்கள் அக்கண்ணீரிலே கரைந்துவிடுகின்றன.

அவ்வினாக்களைக் கண்ணீர் கலவாமற் கேட்ட நாவல் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகின்றோம். கானா நாட்டு எழுத்தாளர் அமா ஆட்டா ஐடூ 1977ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஔவர் சிஸ்டர் கில்ஜோய்’ என்பதே அந்நாவல். ‘நம் சகோதரி, களிப்பைக் கெடுப்பவள்’ என்று அத்தலைப்பை ஒருவாறு தமிழாக்கலாம். கூடிக் களித்திருக்கும் சபையிலே எழுந்து நின்று வேண்டாத கேள்வியைக் கேட்பவள் எவளோ அவளே களிப்பைக் கெடுப்பவள். ஐடூ அம்மையார் 2023ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். அப்பொழுது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளிலே அவர் பெண்ணியவாதி என்று போற்றப்பட்டார், அது பொருத்தமே. ஆயினும் ‘மூளைசாலிகள் வெளியேற்றம்’ என்று நாம் இன்று வழங்கும் பொருளிலே அவர் எழுதிய இந்நூலுக்கு உரிய இடம் அக்குறிப்புகளிற் கிடைக்கவில்லை என்பது நமது எண்ணம்.

நாவலின் கதை சிறியது. சிசி என்னும் கானா நாட்டு இளம்பெண் ஓர் உதவித் திட்டத்தின் பேரில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்படுகின்றாள். புறப்படுமுன் ஜேர்மன் தூதரகத்தார் அவளுக்கு விருந்தளிக்கின்றனர். அவ்விருந்திலே அவளுடைய நாட்டவனான சமி என்பவன் வெள்ளையர் சிரிக்குமிடமெல்லாம் தானும் சிரித்துக்கொண்டு, மேல்நாடு செல்வது சுவர்க்கம் புகுவதற்கு ஒப்பானது என்று அவளுக்கு எடுத்துரைக்கின்றான். பவேரியாவிலே பழைய கோட்டையொன்று இளைஞர் விடுதியாக மாற்றப்பட்டிருக்கின்றது. பல நாட்டு இளைஞரும் அங்கே தங்கிப் பைன் மரக் கன்றுகளைப் பராமரிக்கின்றனர். மரியா என்னும் ஜேர்மன் இல்லத்தரசி சிசிக்குத் தோட்டத்துப் பிளம்ஸ் பழங்களைக் கொணர்ந்து கொடுத்து நட்புப் பூணுகின்றாள். மரியாவின் கணவன் பெயரும் அடோல்ப், மகன் பெயரும் அடோல்ப். பின்னர் சிசி இலண்டன் செல்கின்றாள். அங்கே தன் நாட்டவரையும் ஆபிரிக்க மாணவரையும் காண்கின்றாள். ஊர் திரும்பும் விமானத்திலே, தான் காதலித்த ஒருவனுக்குக் கடிதம் எழுதுகின்றாள். நாவலின் இறுதிப் பகுதி முழுவதும் அக்கடிதமே.

வசனமும் கவிதையும் விரவிய நடை. ஒரு பக்கத்திலே நான்கு சொற்களே இருக்கும். அடுத்த பக்கம் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். ஆபிரிக்காவின் உட்பகுதிக்கு வெள்ளையன் சென்று இருளைக் கண்டதாகக் கொன்ராட் 1899இல் எழுதியதை ஐடூ திருப்பி எழுதுகிறார் என்று விமர்சகர் பலர் கூறியுள்ளனர். அதிலே உண்மையுண்டு. ஆனால் அந்த ஒப்பீட்டோடு நின்றுவிடும் விமர்சனம் நாவலை மேல்நாட்டு இலக்கியத்துக்கு எழுதப்பட்ட மறுமொழியாக மாத்திரமே ஆக்கிவிடுகின்றது. சிசி உண்மையிலே வாதாடுவது வெள்ளையரோடு அன்று; தன் சொந்த நாட்டுப் பட்டதாரிகளோடுதான்.

இவ்விடத்திலே அச்சொற்றொடரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ‘மூளை வடிந்து போதல்’ என்ற ஆங்கில வழக்கு ஆசிய ஆபிரிக்க நாடுகளின் முறைப்பாடாகத் தோன்றியதன்று. பிரித்தானிய விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குப் போய்விடுகின்றனர் என்று 1963இல் இலண்டன் ரோயல் சொசைட்டி அறிக்கை வெளியிட்ட காலத்திலேதான் அது பரவலாயிற்று. தன்னுடைய விஞ்ஞானியை இழந்தபோது பிரித்தானியாவுக்கு வலித்தது. ஒரு சொல்லும் பிறந்தது. அதே ஆண்டுகளிலே அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் பயின்ற வைத்தியர்களைக் கொண்டு தன் வைத்தியசாலைகளை நடத்திவந்தது. அதற்கு அங்கே ஒரு முறைப்பாட்டுச் சொல் தேவைப்படவில்லை. 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சராயிருந்த இனொக் பவல் என்பவர்தான் 1968இல் வந்தேறிகளுக்கெதிராக இரத்த ஆறு ஓடும் என்ற பொருள்பட முழங்கினார். வந்தவர்களின் உழைப்பினால் தாம் பொறுப்பேற்றிருந்த வைத்தியசாலைகள் இயங்கியமையை அவர் மறந்திருக்க நியாயமில்லை.

ஐடூவின் நாவல் இக்கால எல்லையிலேயே நிகழ்கின்றது. இலண்டன் பகுதியிலே குன்லே என்னும் இளைஞன் வருகின்றான். தென்னாபிரிக்காவிலே டொக்டர் கிறிஸ்டியன் பார்னாட் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து உலகை வியப்பிலாழ்த்திய காலம் அது. வெள்ளையரல்லாதார் ஒருவரின் இதயம் வெள்ளையர் ஒருவரின் நெஞ்சிலே துடிக்கின்றது என்ற செய்தியைக் கேட்டுக் குன்லே ஆனந்தக் கூத்தாடுகின்றான். நிறவெறிப் பிரச்சினையை விஞ்ஞானம் தீர்த்துவிடும் என்பது அவனுடைய நம்பிக்கை. உயிரோடிருக்கும்போது அதே வீதியில் நடக்கவும் உரிமையற்றவனின் இதயம், செத்த பிறகு உரிமை பெற்று உள்ளே புகுந்துவிட்டதாம். சிசிக்குச் சினம் தலைக்கேறுகின்றது. வாசகருக்குச் சிரிப்பு வருகின்றது; சிரித்து முடியுமுன் மனம் கசக்கின்றது. பின்னர் ஊருக்குத் திரும்பிய குன்லே கார் விபத்திலே மாய்கின்றான். அவன் நம்பியிருந்த காப்புறுதியினாலும் பயன் விளையவில்லை. மேல்நாட்டு உத்தரவாதங்களைப் பற்றி ஐடூ இதற்கு மேல் ஒரு சொல்லும் கூறுவதில்லை. கூறாமை நன்றே.

நாவலின் உயிர்நிலை என்று நாம் கருதுவது கடிதத்திலே விவரிக்கப்படும் மாணவர் கூட்டம். இலண்டனிலே படித்து முடித்தவர்களும் முடித்துப் பல ஆண்டுகள் கழிந்தவர்களும் கூடியிருக்கின்றனர். சிசி எழுந்து, ‘நீங்கள் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை?’ என்று கேட்கின்றாள். ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கின்றது. ஊரிலே சம்பளம் போதாது. ஆய்வுகூடம் இல்லை, கருவி இல்லை. இங்கிருந்து அனுப்பும் பணத்திலேதான் தாய் சீவிக்கின்றாள். ஆட்சியாளர் கெட்டவர்கள். காரணங்கள் யாவும் உண்மையானவை என்பதே அக்கூட்டத்தின் அவலம். இறுதியிலே புகழ்பெற்ற வைத்தியர் ஒருவர் எழுகின்றார். தாம் இங்கே தங்கியிருப்பது பணத்துக்காக அன்று; நமது மக்களும் திறமையிற் குறைந்தவரல்லர் என்பதை வெள்ளையருக்குக் கற்பிப்பதற்காகவே தங்கியிருக்கின்றேன் என்கின்றார்.

இப்பகுதியை நாம் பிழை மலிந்த தமிழிலே பெயர்த்து, உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒருநாள் வாசித்துக் காட்டினோம். அவர்கள் நகைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். எவரும் நகைக்கவில்லை. பின்வாங்கிலிலிருந்த மாணவியொருத்தி எழுந்து, “சேர், அந்த டொக்டர் சொன்னதிலை என்ன பிழை? அவர் அங்கை பெரிய ஆளா இருந்தாத்தானே எங்கடை ஆக்களை மதிப்பினம்?” என்று கேட்டாள். உடனே மறுமொழி கூற நம்மால் இயலவில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் மலர்களையும் பழைய மாணவர் சங்க மலர்களையும் புரட்டிப் பார்ப்போர், அந்த வைத்தியரின் வாதமே ஆண்டுதோறும் வண்ணப்படத்துடன் அச்சேறுவதைக் காண்பர். அவுஸ்திரேலியாவிலே முதலிடம் பெற்ற நம்மவர், இலண்டனிலே விருது பெற்ற நம்மவர்! சிசியின் மறுமொழி இதுதான்: ஒருவரின் மதிப்பை இன்னொருவர் வந்து உறுதிப்படுத்த வேண்டும் என்று கருதும்போதே அம்மதிப்புத் தொலைந்துவிட்டது. அவர் யாருக்குக் கற்பிக்கப் போனாரோ அவர்கள் கற்கவில்லை. யாருக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டுமோ அவர்கள் காத்திருக்கின்றனர்.

மறுமொழி கூர்மையானது, ஆனால் முழுமையானதா? 2023ஆம் ஆண்டு நம்மிடம் முன்பு சாதாரணதரத்திலே தமிழ் கற்ற மாணவர் ஒருவர் விடைபெற வந்தார். கிராமப்புற வைத்தியசாலையொன்றிலே பணியாற்றிய இளம் வைத்தியர். இங்கிலாந்துப் பரீட்சையிலே சித்தியெய்தியிருந்தார். சிசி கேட்ட அதே கேள்வியை, அவளுடைய துணிவு நம்மிடம் இல்லாமையாற் சற்று மெதுவாக, நாமும் கேட்டோம். அவர் தலைகுனிந்திருந்துவிட்டுச் சொன்னார்: “சேர், நான் போனா இந்த வாட்டை ஆர் பாக்கிறதெண்டு கேக்கிறியள். நான் இருக்கேக்கை மருந்து எங்கை எண்டு ஆர் கேட்டவை?” 2022இலே மருந்துத் தட்டுப்பாடு நிலவிய மாதங்களில், நோயாளியின் உறவினரிடம் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்து வெளியே வாங்கி வரச் சொன்னதையும், அவர்கள் வெறுங்கையுடன் திரும்பி வந்து வாசலில் நின்றதையும் அவர் கூறினார். வாங்க முடியாதவனின் முகத்தைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வைத்தியக் கல்வி எதற்கு என்று கேட்டார். நாவலிலே வரும் எந்தப் பட்டதாரியும் இப்படிப் பேசவில்லை. சிசியின் எதிராளிகளை ஐடூ எளிதில் வெல்லக்கூடியவர்களாக அமைத்துவிட்டார் என்ற குறையை நாம் அன்றுதான் உணர்ந்தோம்.

அந்நிய தலையீடு பற்றிய வாதம் இங்கே வந்து சேர்கின்றது. இவ்வாதத்திலே இரு கட்சியினர் உளர். ஒரு கட்சியினர், வறிய நாடுகளின் சீரழிவுக்கு அவ்வந்நாட்டு ஆட்சியாளரின் ஊழலும் திறமையின்மையுமே காரணம். ஆகவே வெளியிலிருந்து நிபந்தனையோடு பணமும் ஆலோசனையும் வந்தாலன்றி அவை திருந்தா. திருந்தும் வரை கற்றவன் போவதைக் குறைகூறலாகாது என்பர். மறு கட்சியினர், எல்லாக் கேட்டிற்கும் அந்நியனே வேர். அவன் கையை எடுத்துவிட்டால் கற்றவன் தானாகவே திரும்புவான் என்பர். நாம் இரண்டாம் கட்சியைச் சார்ந்தே வளர்ந்தோம். ஏகாதிபத்தியத்துக்கெதிராக நீண்ட கட்டுரைகள் எழுதிய பெரியவர்கள் சிலர், மகனுக்குக் கனடா விசா கிடைத்த செய்தியை அதே நாளில் மலர்ந்த முகத்துடன் சொன்னதையும் கண்டிருக்கின்றோம். குற்றமாகக் கூறவில்லை, கண்டதைக் கூறுகின்றோம்.

கானாவின் வரலாறு இவ்விரு கட்சியினரையும் இடர்ப்படுத்தும். 1957 மார்ச்சிலே சுதந்திரம் பெற்றது. நவகாலனித்துவம் என்பது ஏகாதிபத்தியத்தின் இறுதிக் கட்டம் என்று 1965இல் நூலெழுதிய குவாமே நிக்ருமா, அடுத்த ஆண்டு பெப்ரவரியிலே இராணுவச் சதியினாற் கவிழ்க்கப்பட்டார். எழுபதுகளிலே ஆட்சிகள் கெட்டன, பொருள் விலை ஏறிற்று. கானாவின் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் எண்ணெய் வளம் பெற்ற நைஜீரியாவின் பாடசாலைகளுக்குப் போயினர். 1983 சனவரியிலே நைஜீரியா அந்நியரை வெளியேறக் கட்டளையிட்டபோது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கானா மக்கள் திரும்பி வந்தனர். அதே ஆண்டு நாட்டிலே வறட்சி, பஞ்சம். அவ்வாண்டிலேதான் ரோலிங்ஸ் அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்தினதும் உலக வங்கியினதும் துணையோடு பொருளாதார மீட்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. நாணயத்தின் மதிப்புக் குறைக்கப்பட்டது; அரச ஊழியர் தொகை வெட்டப்பட்டது; 1985இல் வைத்தியசாலைக் கட்டணங்கள் உயர்த்தப்பட்டன. காசு வைத்தால் மருந்து என்ற முறை வேரூன்றிற்று. எண்பதுகளின் நடுப்பகுதி தொடங்கிப் பத்தாண்டுகளிலே அந்நாட்டு மருத்துவக் கல்லூரியொன்றிலிருந்து வெளியேறிய வைத்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டுச் சென்றுவிட்டதாகப் பின்னர் செய்யப்பட்ட ஆய்வு காட்டிற்று. பெரும்பாலோர் சேர்ந்த இடங்கள் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும்.

நிதியத்தின் நிபந்தனைகள் கற்றவனைத் துரத்தின என்பதற்கு இது சான்று. ஆனால் ஐடூவின் நாவல் அந்நிபந்தனைகளுக்குப் பல ஆண்டுகள் முந்தியது. நிதியம் வருமுன்பே அந்த இலண்டன் மண்டபம் நிறைந்திருந்தது. ஆகவே தலையீடு என்பது கடன் பத்திரத்திலே தொடங்குவதன்று என்பதே நாவலை ஊன்றிப் படிப்போர் கொள்ளத்தக்க முடிபு. தூதரக விருந்திலே அது தொடங்குகின்றது. உதவிச் சம்பளக் கடிதத்திலே தொடங்குகின்றது. சமியின் சிரிப்பிலே தொடங்குகின்றது. பாடத்திட்டமே கப்பற்சீட்டாக அமைந்துவிடுகின்றது. நமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இல் நிறுவப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே அதன் சான்றிதழை இலண்டன் மருத்துவச் சபை ஏற்றுக்கொண்டது. அதைப் பெருமையாகவே கருதினோம். அந்த ஏற்பு எழுபதுகளிலே விலக்கப்பட்டபோது அவமானமாகக் கருதினோம். இன்றும் விசேட வைத்திய நிபுணராக அங்கீகாரம் பெறுவதற்கு வெளிநாட்டுப் பயிற்சிக் காலமொன்று வேண்டப்படுகின்றது. அரசே அனுப்புகின்றது; போனவரிற் சிலர் வராமல் விடும்போது அரசே வியப்படைகின்றது.

இலங்கையின் நிலைப்பாடு ஆட்டங்கண்டதற்கு இரண்டு ஆவணங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாற் போதும். 1961இலே பட்டதாரிகள் அரச சேவையிற் கட்டாயமாகப் பணிபுரிய வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. 2022 ஏப்ரலிலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்த பின்பு, யூன் மாதத்திலே, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. சம்பளச் செலவும் குறையும், டொலரும் வரும் என்பது எண்ணம். தங்கியிருக்கக் கட்டளையிட்ட அரசே அறுபத்தோராண்டில் வழியனுப்பும் அரசாயிற்று. அச்சுற்றறிக்கையை நாமும் வாசித்தோம்; ஒருமுறையன்று. 2023 மார்ச்சிலே நாணய நிதியம் இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனை அங்கீகரித்தது. அதற்கு முந்திய சனவரியிலே வருமான வரி 36 வீதம் வரை உயர்த்தப்பட்டிருந்தது. வைத்தியர் சங்கம் அதை எதிர்த்தது. 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பாலானவற்றைச் செலுத்துவதை நிறுத்திவைத்த கானாவும் 2023 மே மாதத்திலே அதே 300 கோடி டொலரைப் பெற்றது. இரு நாடுகளுக்கும் இது பதினேழாவது தடவை என்று கணக்கிடப்படுகின்றது. பதினாறு தடவை மருந்து கொடுத்தும் நோய் தீரவில்லையெனின், நோயாளியை மட்டும் நொந்துகொள்ளும் வைத்தியனை நாம் நம்புவதில்லை. அதே வேளை, பதினாறு தடவையும் அதே வைத்தியனின் வாசலிலே கொண்டுபோய் விட்டவர்கள் நம்மவர்களே. ஐடூ இதை அறிந்தவர். வெள்ளையரைச் சாடும் அதே நாவலிலே, மக்கள் பட்டினி கிடக்கத் தாம் கொழுத்த ஆபிரிக்கத் தலைவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010இலே ஒரு நெறிக்கோவையை ஏற்படுத்தியது. வைத்தியர் பற்றாக்குறையுள்ள நாடுகளிலிருந்து செல்வ நாடுகள் வலிந்து ஆள் திரட்டலாகாது என்பது அதன் சாரம். 2023இலே வெளியிட்ட பட்டியலில் அவ்வாறு பாதுகாக்கப்பட வேண்டிய நாடுகள் 55. கானா அவற்றுள் ஒன்று. எனினும் நெறிக்கோவை கட்டுப்படுத்தும் சட்டம் அன்று. அரசாங்கங்கள் தம்முள் உடன்படிக்கை செய்துகொள்ளின் பட்டியல் நாட்டிலிருந்தும் ஆள் எடுக்கலாம். அவ்வாறே பிரித்தானியா 2021இற் கென்யாவோடும் 2022இல் நேபாளத்தோடும் உடன்படிக்கை செய்தது. நட்டஈடு பற்றிய யோசனைகளும் புதியன அல்ல. புலம்பெயர்ந்த நிபுணரின் வருமானத்தில் ஒரு பங்கை வரியாகத் திரட்டி வறிய நாடுகளுக்குக் கொடுக்கலாம் என்று பொருளியலறிஞர் ஜகதீஷ் பகவதி எழுபதுகளிலேயே கூறினார். கடன் வட்டியைத் தவணை தவறாமற் கணக்கிடுவோர், ஒரு வைத்தியனை உருவாக்கிய செலவைக் கணக்கிடுவதற்கு இன்னும் பேரேடு திறக்கவில்லை. நமது நாட்டிலே 1945 முதல் கல்வி இலவசம். அச்செலவிலே தேயிலைக் கொழுந்து கிள்ளியவளின் விரலும் இருக்கின்றது.

ஆயினும் தமிழராகிய நமக்கு இவ்விடத்திலே ஓர் இடர் உண்டு. 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பின்னும், 1971இன் தரப்படுத்தலுக்குப் பின்னும், 1983 யூலைக்குப் பின்னும் சென்றவர்களை இலண்டன் மண்டபத்திலே வைத்துச் சிசியின் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமையில்லை. எரிந்த வீட்டிலிருந்து ஓடியவனிடம் ஏன் வீட்டைத் துப்புரவு செய்யவில்லை என்று கேட்பது அறமாகாது. சம்பளத்துக்காகப் போனவனும் உயிருக்காக ஓடியவனும் ஒரே விமானத்திலே சென்றிருக்கலாம். விமர்சகன் அவர்களைப் பிரித்தறிய வேண்டும். ஐடூவின் நாவலிலே இப்பிரிவினை மங்கலாகவே உள்ளது.

ஆசிரியரின் வாழ்க்கையே நாவலின் மேல் எழுதப்பட்ட விமர்சனமாக அமைந்ததை இங்கே குறிப்பிடாமலிருக்க இயலாது. 1982இலே ரோலிங்ஸ் அரசாங்கத்திலே ஐடூ கல்வியமைச்சரானார். கல்வியை எல்லோருக்கும் இலவசமாக்குவது அவருடைய நோக்கம். அது கைகூடாது என்று கண்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிலே பதவி துறந்தார். 1983இற் சிம்பாப்வேக்குச் சென்று அந்நாட்டுக் கல்வியமைச்சின் பாடவிதான வேலையிலே ஈடுபட்டார். பிற்காலத்திலே அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றிலும் கற்பித்தார். கானாவுக்குத் திரும்பிப் பெண் எழுத்தாளருக்கென அமைப்பு நிறுவி நடத்தினார். ‘ஊருக்கு வா’ என்று எழுதியவரே ஊரை விட்டுப் போனார் என்று எள்ளுவோர் உளர். நாம் எள்ளமாட்டோம். அமைச்சர் நாற்காலியிலிருந்தும் செய்ய முடியாததை, தனியொரு வைத்தியன் திரும்பி வந்து செய்துவிடுவான் என்று இளமையில் எழுதியது மிகையென்று அவருடைய பதவி துறப்பே கூறிவிட்டது.

இனி அக்கடிதம். மொழியைப் பற்றிய முறைப்பாட்டோடு அது தொடங்குகின்றது. தன் நெஞ்சிலுள்ளதைக் காதலனுக்குச் சொல்ல முனையும் சிசிக்கு, தன்னை அடிமைப்படுத்தியவரின் மொழியன்றி வேறு பொதுமொழி இல்லை. காதற் கடிதத்திலே இது எதற்கு என்று சில விமர்சகர் சலித்துக்கொள்ளலாம். தமிழாசிரியராகிய நமக்கு அப்படித் தோன்றவில்லை. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே வைத்தியக் கல்வி புகட்டினார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தவர், பின்பு தமிழுக்கு மாறினார். உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்திற் கற்றவன் உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போவான், தமிழிற் கற்றவன் தன் மக்களிடையே தங்குவான் என்பது அவருடைய எதிர்பார்ப்புகளுள் ஒன்று. மிசன் வைத்தியரும் அந்நியர்தாம். அவருடைய வருகையும் தலையீடுதான். ஆனால் அத்தலையீடு கற்றவனைக் கிராமத்தோடு கட்டிவைக்க முயன்றது. சுதந்திர நாட்டின் சுற்றறிக்கை அவிழ்த்துவிடுகின்றது. இதை எந்தக் கட்சியின் பேரேட்டில் எழுதுவது? பின்னாளில் அதே யாழ்ப்பாணம் ஆங்கிலம் கற்றுக் கிளாக்கர்களையும் புகையிரத உத்தியோகத்தரையும் மலாயாவுக்கு அனுப்பிற்று. ஓய்வூதியம் பெற்றுத் திரும்பியோர் கல்வீடு கட்டினர். அவ்வீடுகளின் திண்ணையிலிருந்துதான் கற்றவன் போகவேண்டியவன் என்னும் கருத்து நமக்குள் இறங்கிற்று எனலாம்.

கடிதத்தை எழுதி முடித்த சிசி, விமானத்தின் கீழே ஆபிரிக்கக் கரையைக் காண்கின்றாள். அதை அனுப்புவதில்லை என்று முடிவு செய்கின்றாள். நாவல் அங்கே நின்றுவிடுகின்றது. அது கலை நுட்பம் என்று பலர் பாராட்டுவர். நாமும் முதல் வாசிப்பிற் பாராட்டினோம். இப்பொழுது நமக்கு அது நாவலின் பெருங்குறையாகவே படுகின்றது. விமானம் இறங்கிய பின்பு அவள் எங்கே போனாள்? எந்தப் பாடசாலையிலே, எந்தச் சம்பளத்திலே, எத்தனை மாதம் தாக்குப்பிடித்தாள்? வானத்திலிருந்து பார்க்கையிலே எந்த நாடும் அழகாகத்தான் இருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. மண்டபத்திலே பேசுவோர் யாவரும் பட்டதாரி ஆண்கள். அதே ஆண்டுகளிலே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் இலண்டன் வைத்தியசாலைகளுக்குச் சென்று இரவுக் கடமை பார்த்த தாதிமாருக்கு அங்கே குரல் இல்லை. பெண்ணின் பார்வையிலே எழுதப்பட்ட நாவலில் இது வியப்புக்குரியது. போகாமல் நின்றவளுக்கும் குரல் இல்லை. நமது மாணவராகிய வைத்தியர் சென்ற பின்பு அவருடைய இடத்துக்கு ஏழு மாதங்களாக எவரும் வரவில்லை. வாரத்தில் இரு நாட்கள் வேறோர் ஊரிலிருந்து வைத்தியர் வந்து போவார். மற்றைய நாட்களிலே தாதியொருவரே காயத்துக்கு மருந்து கட்டி, காய்ச்சற்காரரை நகருக்கு அனுப்பி, அனுப்புவதற்கு வாகனம் தேடி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அவருடைய கணவர் மீன்பிடித் தொழிலாளி, பிள்ளைகள் மூவர். வெளிநாட்டுத் தாதியர் வேலைக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார் என்பதையும், ஆங்கிலப் பரீட்சையில் இருமுறை தவறிவிட்டார் என்பதையும் பின்பு அறிந்தோம். மூன்றாம் முறை எழுதுவதற்கு ஆங்கிலம் சொல்லித்தரும்படி அவர் நம்மையே கேட்டிருக்கின்றார். சனிக்கிழமைகளிற் பிற்பகல் மூன்று மணிக்கு வருகின்றார்.